அனிமேஷனுக்கு எந்த ஆடியோ ஃபார்மட்? பழைய ஃப்ளாஷ் தொகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஃப்ளாஷ் அனிமேஷன்களை உலாவியில் ஓட்டும் ஃப்ளாஷ் பிளேயரைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அந்தப் பிளேயரே கோப்புகளை ஓட்ட மறுத்துவிட்டது. ஒரு காலத்தில் குழந்தைகளுக்கான தமிழ்ப் பாட்டு, கதை, எழுத்துப் பயிற்சி சிடிகள் பல ஃப்ளாஷில்தான் செய்யப்பட்டன. அப்படி ஒரு தொகுப்பு, சிறிய பதிப்பகம் ஒன்றின் வழியாக எங்கள் அனிமேஷன் குழுவிடம் வந்தது. கதைகளும் பாட்டுகளும் யூடியூபில் வீடியோவாகப் போக வேண்டும். அதே பாத்திரங்கள் ஒரு வலைத்தளத்தில், குழந்தை தொட்டதும் பேசுகிற மாதிரி இருக்க வேண்டும். பின்னால் செல்போன் செயலியாகவும் வரலாம் என்றார்கள்.

ஃப்ளாஷ் படங்கள் பெரும்பாலும் வெக்டர், அதாவது புள்ளிகளாக இல்லாமல் கோடுகளின் கணக்காகச் சேமித்தவை. எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது. ஒலிக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால் இந்தத் திட்டத்தில் கடினமான முடிவுகள் எல்லாம் ஒலிப் பக்கம்தான் வந்து சேர்ந்தன. அவற்றில் முக்கியமானது: எந்த வேலைக்கு எந்த ஃபார்மட்?

இந்தக் கேள்வியைப் பலரும் தரத்துக்கும் கோப்பின் அளவுக்கும் நடுவே நடக்கும் பேரமாகப் பார்க்கிறார்கள். பாட்டு கேட்பதற்கு அந்தப் பார்வை போதும். அனிமேஷனில் முதலில் கேட்க வேண்டியது நேரத்தைப் பற்றி. ஒரு கோப்பில் ஒரு சத்தம் எந்த இடத்தில் இருக்கிறதோ, அது எந்த மென்பொருளில் திறந்தாலும் அதே இடத்தில் இருக்குமா? இந்தத் திட்டத்தில் நாங்கள் எடுத்த எல்லா முடிவுகளும் இந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தன.

கையில் கிடைத்தது என்ன

சில கதைகளுக்கு எஃப்.எல்.ஏ. என்ற மூலக் கோப்பு பத்திரமாக இருந்தது. மற்றவற்றுக்கு எஸ்.டபிள்யூ.எஃப். என்ற வெளியீட்டுக் கோப்பு மட்டும்தான். ஒவ்வொரு கதையின் ஒலியையும் எவ்வளவு தூரம் மீட்க முடியும் என்பதை இந்த ஒரு விஷயமே தீர்மானித்தது.

ஃப்ளாஷில் ஒரு ஒலியை உள்ளே கொண்டுவந்தால், அது வந்த தரத்திலேயே எஃப்.எல்.ஏ.வின் லைப்ரரியில் தங்கும். வெளியிடும்போதுதான் சுருக்கும். அந்த அமைப்பை யாரும் தொடாமல் விட்டிருந்தால் நொடிக்கு 16 கிலோபிட் (கேபிபிஎஸ்) மட்டுமே கொண்ட, ஒற்றைத் தடமான (மோனோ) எம்பி3 ஆகப் போகும். இணைய வேகம் குறைவாக இருந்த நாட்களில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஆனால் இன்று அந்த எஸ்.டபிள்யூ.எஃப். மட்டும் கையில் இருந்தால், அதைவிட மேலான ஒலி எங்கேயும் கிடைக்காது.

ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறோம் என்பதுதான் சாம்பிள் ரேட், ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள். எஸ்.டபிள்யூ.எஃப்.புக்குள் ஒலிக்கு நான்கே சாம்பிள் ரேட்தான்: ஏறத்தாழ 5.5, 11, 22, 44 கிலோஹெர்ட்ஸ். சாம்பிள் ரேட்டில் பாதி வரைக்குமான அதிர்வெண்தான் கோப்பில் பதியும். 11 கிலோஹெர்ட்ஸ் கோப்பென்றால் 5.5-க்கு மேலே ஒன்றுமே இல்லை. தமிழில் இது முதலில் தெரிவது உரசொலிகளில்தான். 'பசு', 'ஊசி', 'ரோஸ்' போன்ற சொற்களில் வரும் அந்த 'ஸ்' சத்தத்தின் பெரும்பகுதி உயர் அதிர்வெண்களில் இருக்கிறது. அது வெட்டப்பட்டால் சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசுகிற மாதிரி இருக்கும். இப்படிப்பட்ட கோப்பை 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றினாலும் போனது திரும்பாது, கோப்புதான் பெருக்கும்.

கதை சொல்லிகளின் குரலைப் புதிதாகப் பதிவு செய்யலாம் என்று பதிப்பகமும் நாங்களும் முடிவு செய்தோம். ஆனால் பாட்டுகளைப் பாடியவை அன்றைய குழந்தைகளின் குரல்கள். அவர்கள் இன்று பெரியவர்கள். அந்தக் குரலை இனி எந்த ஸ்டூடியோவிலும் பதிவு செய்ய முடியாது. ஆகவே பாட்டுகளில் பழைய குரல் அப்படியே இருக்கட்டும், சுற்றியுள்ள இசையை மட்டும் புதுப்பிக்கலாம் என்று தீர்மானித்தோம். ஒலி மங்கலாக இருந்தாலும் அந்தப் பிள்ளைகளின் மூச்சும் தடுமாற்றமும் அதில்தான் இருக்கின்றன. இந்த முடிவில் எனக்கு இன்றும் முழுத் திருப்தி.

எஸ்.டபிள்யூ.எஃப்.பிலிருந்து ஒலியைப் பிரிக்க ஜேபெக்ஸ் என்ற இலவசக் கருவி போதும். உள்ளே இருப்பது எம்பி3 என்றால் அதை எம்பி3 ஆகவே எடுத்து ஒரு பிரதியைத் தொடாமல் வைத்துவிட வேண்டும். அப்புறம் ஒரே ஒரு முறை வேவ் (WAV) என்ற சுருக்காத கோப்பாக விரித்து, அதற்குப் பிறகான திருத்தங்களை எல்லாம் அந்த வேவில் செய்ய வேண்டும். எம்பி3-யைத் திருத்தி மறுபடி எம்பி3 ஆகச் சேமித்தால் ஒவ்வொரு சுற்றிலும் தரம் கொஞ்சம் உதிரும், தொடக்கத்தில் கொஞ்சம் மௌனமும் சேரும். இந்த மௌனத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அடித்தளம்: 24 ஃப்ரேம், 48 கிலோஹெர்ட்ஸ்

பழைய படங்கள் நொடிக்கு 12 ஃப்ரேமில் செய்யப்பட்டவை. வெகுகாலம் ஃப்ளாஷின் இயல்பான அளவே அதுதான். புதிய வடிவத்துக்கு 25 வேண்டாம், 24 போதும் என்று முடிவானது. ஒரு பழைய ஃப்ரேம் சரியாக இரண்டு புதிய ஃப்ரேம் ஆகிவிடும்.

ஒலிக்கு 48 கிலோஹெர்ட்ஸைத் தேர்ந்ததற்குக் காரணம் கணக்குதான். 48,000-ஐ 24-ஆல் வகுத்தால் ஒரு ஃப்ரேமுக்கு 2,000 சாம்பிள், மீதி இல்லை. 44,100-ஐ வகுத்தால் 1,837.5 வருகிறது. அரை சாம்பிள் யார் காதிலும் விழாது என்பது உண்மைதான். ஆனால் ஒலியை ஃப்ரேம் எல்லையில் வெட்டி ஒட்டும் வேலையில் முழு எண் இருந்தால் எந்த மென்பொருளும் தன் இஷ்டத்துக்கு மேலேயோ கீழேயோ முழுமையாக்காது. 25 ஃப்ரேமுக்கும் (1,920) 30 ஃப்ரேமுக்கும் (1,600) 48 கிலோஹெர்ட்ஸ் முழு எண்ணாகவே வகுபடும்.

சாம்பிள் ரேட் குழப்பத்தால் வரும் பெரிய விபத்து வேறு மாதிரி. 44.1-ல் பதிவான கோப்பை ஏதாவது ஒரு கட்டத்தில் 48 என்று தவறாக எடுத்துக்கொண்டால், பேச்சு கிட்டத்தட்ட 8.8 சதவீதம் வேகமாகி, சுருதியும் ஒன்றரை அரைச்சுரம் அளவுக்கு ஏறிவிடும். ஐந்து நிமிடக் கதை 4 நிமிடம் 36 நொடியில் முடிந்துபோகும். எங்களிடம் 44.1, 22.05, 48 என்று எல்லா வகையும் கலந்து கிடந்ததால், உள்ளே வரும் எல்லாக் கோப்பையும் முதல் வேலையாக 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ வேவ் ஆக மாற்றினோம். இந்த வகைக் கோப்பு நிமிடத்துக்கு 8.64 எம்பி இடம் பிடிக்கும். இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது ஒரு சுமையே இல்லை.

புதிய குரல்கள் சில வெளியூரிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்தன. வாட்ஸ்அப் குரல்பதிவு என்பது ஓபஸ் முறையில் நன்றாகச் சுருக்கப்பட்ட கோப்பு. பேச்சைப் புரிந்துகொள்ள அது அருமையானது, மாஸ்டராக, அதாவது மூலப் பிரதியாக வைத்துக்கொள்ள ஏற்றதில்லை. வேவில் பதிவு செய்து, அதே வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னோம். அப்படி அனுப்பினால் கோப்பு மாறாமல் வந்து சேரும். குரல் கொடுக்கிறவர்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிட்டால் பாதித் தலைவலி குறையும்.

உதடு மூடும் இடம்

காக்கா-நரி கதையில் நரி மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து, "அப்பப்பா! என்ன அழகு!" என்கிறது. உதட்டசைவுக்கு இதைவிடக் கடினமான வசனம் கிடைக்காது. 'ப்ப' வரும் இரண்டு இடங்களிலும் உதடு முழுக்க மூட வேண்டும், கொஞ்ச நேரம் மூடியே இருக்க வேண்டும், பிறகு சட்டென்று திறக்க வேண்டும். நிதானமாகக் கதை சொல்லும் குரலில் அந்த மூடல் மூன்று நான்கு ஃப்ரேம் நீளும். ஒரு ஃப்ரேம் தள்ளிப்போனாலும், வாய் திறந்திருக்கும்போது 'ப்' கேட்கும். பார்க்கிற குழந்தைக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் அந்த நரி பேசவில்லை, யாரோ பின்னாலிருந்து பேசுகிறார்கள் என்று தோன்றிவிடும்.

இந்த வசனத்தின் அலைவடிவத்தை வேவில் பெரிதாக்கிப் பார்த்தால், 'அ' ஒரு மேடு, பிறகு தட்டையான கோடு, பிறகு 'ப்' வெடிக்கும் செங்குத்தான முனை. தட்டைக் கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கே வாயை மூடு, முனை எழும் ஃப்ரேமில் திற. அனிமேட்டருக்கு வேறு வழிகாட்டியே வேண்டாம். அதே வசனத்தைக் குறைந்த பிட்ரேட் (நொடிக்குச் செலவாகும் பிட்) எம்பி3-யில் பார்த்தால் முனைக்கு முன்னாலேயே கோட்டில் ஒரு நடுக்கம் தொடங்கிவிடும். எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துச் சுருக்குகிறது. ஒரு துண்டுக்குள் திடீர் வெடிப்பு வந்தால், சுருக்கியதால் பிறக்கும் இரைச்சல் அந்தத் துண்டு முழுக்கப் பரவி, வெடிப்புக்கு முன்னாலும் கேட்கும். முன்னெதிரொலி என்பது இதுதான். காதுக்கு லேசாகத்தான் தெரியும், ஆனால் கண்ணால் ஃப்ரேம் குறிக்கிறவருக்கு எல்லை கலைந்துபோகிறது.

உதட்டசைவைத் தானாகக் குறித்துத் தரும் ருபார்ப் என்ற இலவசக் கருவியை முதல் வரைவுக்குப் பயன்படுத்தினோம். அது வேவையும், ஓக் வோர்பிஸ் என்ற சுருக்கும் ஃபார்மட்டையும்தான் எடுத்துக்கொள்ளும். அதன் இயல்பான முறை ஆங்கிலச் சொற்களைத் தேடும். மற்ற மொழிகளுக்கு 'ஃபொனெடிக்' முறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். தமிழுக்கு அதையே தேர்ந்து, பிறகு ப, ம வரும் இடங்களைக் கையால் திருத்திக்கொள்வதுதான் நடைமுறை.

அனிமேட்டருக்கு வேவ் கொடுத்ததற்கு இன்னொரு காரணம், டைம்லைனை முன்னும் பின்னும் இழுத்துக் கேட்கும் வேலை. அனிமேட்டர் நாள் முழுக்கச் செய்வது அதைத்தான். 412-ஆம் ஃப்ரேமுக்குப் போ என்றால், வேவில் அது 412 × 2,000, அதாவது 8,24,000-ஆவது சாம்பிள். 24 பிட் மோனோவில் ஒரு சாம்பிளுக்கு 3 பைட். ஒரே பெருக்கலில் கோப்பின் சரியான இடம் கிடைத்துவிடும். எம்பி3-யில் ஒரு துண்டின் தகவலில் ஒரு பகுதி முந்தைய துண்டுகளில் இருக்கலாம் என்பதால், கொஞ்சம் பின்னாலிருந்து விரித்துக்கொண்டு வர வேண்டும். பிட்ரேட் மாறிக்கொண்டே இருக்கும் வகை என்றால் சில மென்பொருள்கள் இடத்தை உத்தேசமாகத்தான் கண்டுபிடிக்கும்.

ஒரு ஃப்ரேம் பீப்

இனி அந்த மௌனத்துக்கு வருகிறேன். எம்பி3, ஏஏசி போன்ற முறைகளில் சுருக்கும்போது கோப்பின் தலையில் சிறிது வெற்றிடம் சேர்கிறது. அந்த முறைகள் வேலை செய்யும் விதமே அப்படி. லேம் என்ற என்கோடரில் (சுருக்கும் மென்பொருளில்) சுருக்கிய எம்பி3-யை வெட்டாமல் விரித்தால் தொடக்கத்தில் வழக்கமாக 1,105 சாம்பிள் தாமதம் இருக்கும். 48 கிலோஹெர்ட்ஸில் அது 23 மில்லிநொடி. ஆப்பிளின் ஏஏசி என்கோடர் சேர்ப்பது 2,112 சாம்பிள், 44 மில்லிநொடி. நம் ஒரு ஃப்ரேம் 41.7 மில்லிநொடிதான். அதாவது ஏஏசியின் தாமதம் ஒரு முழு ஃப்ரேமைத் தாண்டுகிறது.

இந்தத் தாமதம் எவ்வளவு என்று கோப்புக்குள்ளேயே எழுதி வைக்க வழி இருக்கிறது. நல்ல மென்பொருள் அதைப் படித்து அந்த வெற்றிடத்தை வெட்டிவிடும். சில மென்பொருள் படிக்காது. ஆகவே ஒரே எம்பி3 ஒரு எடிட்டரில் ஒரு இடத்திலும், இன்னொரு பிளேயரில் வேறு இடத்திலும் தொடங்கும். இரண்டு பேர் ஒரே கோப்பை வைத்துக்கொண்டு, "என்கிட்ட சரியா இருக்கே" என்று வாதாடுவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இதைப் பிடிக்கத் திரைத்துறையில் பல காலமாக இருக்கும் முறையையே எடுத்துக்கொண்டோம். படம் தொடங்க இரண்டு நொடி முன்னால், அதாவது 48 ஃப்ரேம் முன்னால், சரியாக ஒரு ஃப்ரேம் நீளத்துக்கு ஒரு கிலோஹெர்ட்ஸ் பீப். அதே ஃப்ரேமில் திரை முழுக்க வெள்ளை. ஒலி எந்த ஃபார்மட்டுக்குப் போனாலும், எந்த மென்பொருளைக் கடந்தாலும், மறுபடி வேவ் ஆக விரித்து மூலத்துக்குக் கீழே வைத்துப் பார்த்தால், பீப் எத்தனை சாம்பிள் நகர்ந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். வேவிலும், ஒன்றும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக்கிலும் அது அசையாது. இந்தச் சோதனையைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் செய்து காட்டுகிறேன். பத்து நிமிட விளக்கத்தைவிட அது நன்றாகப் புரிகிறது.

44 மில்லிநொடியால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். ஒலி முந்துவதும் பிந்துவதும் ஒன்றில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐடியூ) பிடி.1359 பரிந்துரையின்படி, ஒலி படத்தைவிடப் பிந்தினால் ஏறத்தாழ 125 மில்லிநொடி வரை பார்ப்பவருக்குத் தெரிவதில்லை, முந்தினால் 45 மில்லிநொடியிலேயே தெரிய ஆரம்பிக்கிறது. தூரத்தில் துணி துவைப்பவரின் அடி பிந்திக் கேட்பது இயற்கை, முந்திக் கேட்பது எங்கும் நடக்காத ஒன்று. இப்போது இப்படி யோசித்துப் பாருங்கள். அனிமேட்டரிடம் தாமதம் கலந்த ஏஏசி கோப்பு இருக்கிறது. அவர் அந்தத் தாமதத்தோடு வாயைப் பொருத்திவிடுகிறார். கடைசியில் ஒலி கலவை செய்தவர் தாமதமே இல்லாத வேவைக் கொண்டுவந்து சேர்க்கிறார். விளைவு: படம் முழுக்க ஒலி 44 மில்லிநொடி முந்துகிறது. மனிதர் கண்டுபிடிக்கும் எல்லையிலேயே போய் நிற்கிறது. இருவர் செய்ததிலும் தவறு இல்லை. கோப்பின் ஃபார்மட் மாறியதுதான் காரணம். அதனால் எங்கள் விதி: அனிமேட்டர் கைக்கு வேவைத் தவிர எதுவும் போகக் கூடாது, மாதிரிக்குக் கேட்டுப் பார்க்க என்றாலும் கூட.

வலைத்தளம்: சுற்றும் தாளம்

யூடியூப் வீடியோவைவிட வலைத்தளத்துக்கான ஒலிதான் அதிக யோசனையைக் கேட்டது. ஃப்ளாஷில் ஒலிக்கு 'ஈவென்ட்', 'ஸ்ட்ரீம்' என்று இரண்டு வழிகள் இருந்தன. ஈவென்ட் என்றால் ஒலி முழுவதும் இறங்கிய பிறகு, டைம்லைனைப் பற்றிக் கவலைப்படாமல் தன் பாட்டுக்கு ஓடும். ஸ்ட்ரீம் என்றால் ஒலிதான் தலைவன், கணினி மெதுவாக இருந்தால் படத்தின் ஃப்ரேம்களைத் தவிர்த்துவிட்டாவது ஒலியோடு சேர்ந்து ஓடும். இன்றைய உலாவியில் இந்த இரண்டையும் நாமே பிரித்துச் செய்ய வேண்டும்.

உலாவிக்குள்ளேயே இருக்கும் வெப் ஆடியோ என்ற ஒலி வசதியில் கோப்பை முழுக்க விரித்து நினைவகத்தில் வைத்தால், தொட்டவுடன் துல்லியமாக ஒலிக்கும். ஆனால் விரித்த ஒலி ஒவ்வொரு சாம்பிளுக்கும் 32 பிட் எடுக்கும். 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ நிமிடத்துக்கு 23 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு 115 எம்பி. எம்பி3 ஆகச் சின்னதாகச் சுருக்கி அனுப்பினாலும் நினைவகத்தில் அதே அளவுதான் வரும். விலை குறைந்த போனில் இது தாங்காது. ஆகவே நீளமான பாட்டும் கதையும் வலைப்பக்கத்தின் சாதாரண ஆடியோ உறுப்பு வழியாக ஓடிக்கொண்டே இறங்கும், ஏஏசி ஃபார்மட்டில். படத்தின் ஃப்ரேமை அந்த ஒலியின் நேரத்தைக் கேட்டுக் கேட்டுக் கணக்கிடுகிறோம். அதாவது பழைய ஸ்ட்ரீம் முறையேதான். காக்கா கரைவது, நரி சிரிப்பது போன்ற சிறு சத்தங்கள் மட்டும் வெப் ஆடியோவில்.

அந்தச் சிறு சத்தங்களுக்கு 16 பிட் மோனோ வேவே போதும் என்று தீர்மானித்தோம். கால் நொடிச் சத்தம் 48 கிலோஹெர்ட்ஸில் 24 கேபிதான்.

பாட்டுகளுக்குப் பின்னால் திரும்பத் திரும்பச் சுற்றும் தாளத் துண்டு ஒன்று உண்டு. நிமிடத்துக்கு 120 அடி, நான்கு அடிக்கு ஒரு சுற்று, ஆக இரண்டு நொடி, 96,000 சாம்பிள். எம்பி3 1,152 சாம்பிள் கொண்ட துண்டுகளாகத்தான் சேமிக்கும். 96,000-ஐ 1,152-ஆல் வகுத்தால் 83.33. முழுத் துண்டாக்க 84 வேண்டும், அது 96,768 சாம்பிள். வெட்டாமல் ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் குறைந்தது 16 மில்லிநொடி கூடுகிறது, தலையில் சேரும் தாமதம் தனி. ஒரு நிமிடத்தில் 30 சுற்று என்றால் அரை நொடிக்கு அருகே தாளம் பின்தங்கிவிடும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு சின்னத் தடுக்கலும் கேட்கும். சுற்றின் தொடக்கத்தையும் முடிவையும் நிரலில் எண்ணாகக் கொடுக்கலாம்தான். ஆனால் எல்லா உலாவியும் வெற்றிடத்தை ஒரே அளவு வெட்டும் என்று நம்பி எண் கொடுக்க முடியாது.

ஓக் வோர்பிஸில் இந்தச் சிக்கல் இல்லை. எத்தனை சாம்பிள் என்பது கோப்பிலேயே துல்லியமாக இருக்கும். விளையாட்டு உருவாக்குகிறவர்கள் அதை விரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் ஆப்பிள் சாதனங்களின் பழைய சஃபாரி ஓக் கோப்பைத் திறக்காது, வீட்டில் குழந்தை கையில் இருப்பது பெரும்பாலும் பழைய போனோ டேப்லெட்டோதான். எனவே தாளத் துண்டும் வேவாகவே போனது. மோனோவில் 192 கேபி. ஒரு படத்தின் அளவுகூட இல்லை.

வீடியோவும் காப்பகமும்

யூடியூப் பக்கம் சுலபம். நாம் எதைக் கொடுத்தாலும் அது மறுபடி சுருக்கும். அதனால் கொடுக்கும்போது முடிந்தவரை சுருக்காமல் கொடுப்பதே நல்லது. புரோரெஸ் என்ற, குறைவாகவே சுருக்கும் முறையில் படமும், சுருக்கப்படாத பிசிஎம் ஒலியும் (வேவில் இருப்பது போன்றது) உள்ள மூவ் கோப்பாக ஏற்றினோம். பதிவேற்ற நேரம் கூடும், அவ்வளவுதான். இணைய வேகம் ஒத்துழைக்காதவர்கள் 48 கிலோஹெர்ட்ஸ், 384 கேபிபிஎஸ் ஏஏசி ஒலியோடு எம்பி4 கொடுக்கலாம். ஸ்டீரியோவுக்கு யூடியூபே பரிந்துரைக்கும் அளவு அது.

காப்பகத்துக்கு ஃபிளாக். ஒரு பிட் கூட இழக்காமல், பேச்சுக் கோப்புகளை வேவின் அளவில் பாதி அளவுக்குக்கூடச் சுருக்கிவிடும். இன்னொரு பெரிய வசதி, மூல ஒலியின் எம்டி5 கையொப்பம் (ஒலியிலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண்) கோப்பின் தலையிலேயே இருக்கும். பத்து வருடம் கழித்து யாராவது ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தாலும், உள்ளே இருக்கும் ஒலி கெடாமல் இருக்கிறதா என்று ஒரு கட்டளையில் சரிபார்த்துவிடலாம். ஃபிளாக்கை வேலைக்கே பயன்படுத்தலாமே என்று கேட்டார்கள். ப்ளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருள் திறக்கும், ஆனால் ருபார்ப் மாதிரி சின்னக் கருவிகள் பல திறக்காது. வேலை மேசையில் வேவ், அலமாரியில் ஃபிளாக் என்று வைத்துக்கொண்டோம்.

ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் கதை எண், வசன எண், தொடங்கும் ஃப்ரேம் எண் மூன்றும் இருக்கின்றன. எஸ்.டபிள்யூ.எஃப்.பிலிருந்து வந்த எம்பி3-களும், விரித்த வேவின் ஃபிளாக் பிரதியும் தனித்தனி உறைகளில் (ஃபோல்டர்). எந்தக் கதையின் ஒலி எஃப்.எல்.ஏ.விலிருந்து வந்தது, எது எஸ்.டபிள்யூ.எஃப்.பிலிருந்து வந்தது, எது புதிய பதிவு என்று ஒரு உரைக்கோப்பில் எழுதி அவற்றோடு போட்டிருக்கிறோம். அது இல்லாவிட்டால், நாளைக்கு ஒருவர் 48 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்ணைப் பார்த்து 11 கிலோஹெர்ட்ஸ் குரலை முழுத்தரப் பதிவு என்று நம்பிவிடுவார்.

செயலி வேலை இன்னும் தொடங்கவில்லை. யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் செய்தால் உள்ளே வரும் ஒலியை அது தன் விருப்பப்படி மறுபடி சுருக்கிக்கொள்ளும், எனவே வேவ்தான் கொடுப்போம். அதே வகையான கோடோவில் செய்தால் சிறு சத்தங்களுக்கு வேவும் பாட்டுகளுக்கு ஓக் வோர்பிஸும். இரண்டில் எது என்றாலும் காப்பகத்து ஃபிளாக்கிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளலாம், வலைத்தளத்துக்குப் போன ஏஏசியை யாரும் தொட வேண்டியதில்லை.